வழங்கல் முழுவதற்கும் கம்பைலர் பதிப்பை உயர்த்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பைலர் என்பது மனிதர் எழுதும் மூல நிரலைக் கணினி இயக்கும் இரும நிரலாக மாற்றும் கருவி. வழங்கல் என்பது ஆயிரக்கணக்கான நிரல்களைப் பொதிகளாகக் கட்டித் தரும் இயங்குதளத் தொகுப்பு. எதையும் தனியே குறிப்பிடாதபோது இயங்கும் கம்பைலரே அதன் இயல்பிருப்புக் கம்பைலர். இந்த இயல்பிருப்புக் கம்பைலரின் பதிப்பு உயரும் ஒவ்வொரு சுற்றிலும் பொதிப் பராமரிப்பாளர்கள் எழுப்பும் ஐயங்கள் பெரும்பாலும் அதே ஐயங்கள்தாம். கேட்பவர் மட்டுமே மாறுகிறார். ஆகையால் அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே திரட்டியிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஜிசிசி கம்பைலரையும், டெபியன், ஃபெடோரா ஆகிய லினக்ஸ் வழங்கல்களையும் ஒட்டியவை. பிற வழங்கல்களில் கருவிகளின் பெயர்கள் வேறாக இருக்கும், வேலை ஒன்றுதான்.

1. கம்பைலரும் மற்றவற்றைப் போல ஒரு பொதிதானே? அதைப் புதுப்பிக்க ஏன் மாதக்கணக்கில் ஆகிறது?

பொதி என்ற அளவில் அது ஒன்றுதான். புதிய பதிப்பைக் களஞ்சியத்தில் ஏற்றுவதும் ஒருநாள் வேலைதான். ஆனால் ஓர் உரைத்திருத்தி உடைந்தால் அதைப் பயன்படுத்துவோர் மட்டுமே அவதிப்படுவர். கம்பைலர் தன் நடத்தையைச் சற்றே மாற்றிக்கொண்டாலும் அதன் வழியே பிறக்கும் ஒவ்வொரு பொதியும் அந்த மாற்றத்தைச் சுமக்கிறது. டெபியனில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூலப் பொதிகள் உள்ளன. நூற்றில் ஒன்று உடைந்தாலே முந்நூறு பொதிகளைச் சரிசெய்ய வேண்டும். அவற்றில் பலவற்றின் பராமரிப்பாளர்கள் ஓய்வு நேரத்தில் தன்னார்வமாக உழைப்பவர்கள்.

இயல்பிருப்பை மாற்றும் வரி இந்த வேலையின் கடைசி நாளில் எழுதப்படுவது. அதற்கு முந்தைய மாதங்கள் எல்லாம், மாற்றினால் எவை உடையும் என்று முன்னரே கட்டமைத்துப் பார்த்துக் கண்டறிவதிலும், கண்டறிந்ததை உரியவரிடம் சேர்ப்பதிலும், அவர் திருத்தும் வரை காத்திருப்பதிலும் செல்கின்றன.

2. புதிய பதிப்பு வந்தவுடன் பழைய கம்பைலரை நீக்கிவிடுவீர்களா?

இல்லை. பதிப்பு எண்ணைப் பெயரிலேயே கொண்ட கம்பைலர் பொதிகள் ஒரே கணினியில் அருகருகே இருக்க முடியும். ஜிசிசி-13, ஜிசிசி-14 இரண்டும் களஞ்சியத்தில் ஒருசேர இருக்கும். வெறும் ‘ஜிசிசி’ என்று அழைத்தால் எது இயங்கும் என்பதைத் தீர்மானிப்பது வேறொரு சிறிய பொதி. டெபியனில் அதன் பெயரே ‘ஜிசிசி-டிஃபால்ட்ஸ்’; ஜென்டூவில் இந்தத் தேர்வைச் செய்ய ‘ஜிசிசி-கான்ஃபிக்’ என்ற கருவி உண்டு.

இங்கே பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. கம்பைலர்கள் பலவாக இருந்தாலும், இயங்கும் நேரத்தில் தேவைப்படும் சி++ செந்தர நிரலகம் (பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுப்பு) ஒன்றே ஒன்றுதான் நிறுவப்பட்டிருக்கும். டெபியனில் அது களஞ்சியத்தில் உள்ள மிகப் புதிய ஜிசிசி மூலத்திலிருந்து வருகிறது. அந்த ஜிசிசி இன்னும் இயல்பிருப்பாகவில்லை என்றாலும் அப்படித்தான். ஆகவே இயல்பிருப்பு மாறுவதற்குப் பல வாரங்கள் முன்பே உங்கள் நிரல் புதிய நிரலகத்தோடு இயங்கத் தொடங்கியிருக்கும். அந்தக் காலத்தில் எழும் வழுக்களைப் பொதி மாறவில்லையே என்று ஒதுக்கிவிடக் கூடாது.

3. என் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நேற்று வரை கட்டமைந்தது இன்று ஏன் உடைகிறது?

நிரல் மாறாவிட்டாலும் அதை வாசிக்கும் விதி மாறியிருக்கும். ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் தனக்கே உரிய ஓர் உடைப்பு வகை உண்டு என்பதால், பதிப்பு எண்ணைக் கேட்டவுடனே எந்த வகைப் பிழைகள் குவியும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 2015இல் வந்த ஜிசிசி 5, சி மொழியின் இயல்பிருப்புச் செந்தரத்தைச் சி90இலிருந்து சி11க்கு உயர்த்தியது. ‘இன்லைன்’ என்ற சொல்லின் பொருள் அதனால் மாறி, கட்டமைந்த துண்டுகளை இணைக்கும் லிங்கர் கருவியிடமிருந்து, வரையறை கிடைக்கவில்லை என்ற பிழைகள் வந்தன. 2020இன் ஜிசிசி 10, தலைப்புக் கோப்பில் (அறிவிப்புகளைக் கொண்டு, பல நிரல்களால் உள்ளிழுக்கப்படும் கோப்பில்) ‘எக்ஸ்டெர்ன்’ இல்லாமல் அறிவிக்கப்பட்ட பொது மாறிகளைச் சத்தமில்லாமல் ஒன்றாக்கித் தரும் பழைய சலுகையை இயல்பிருப்பிலிருந்து நீக்கியது. ஒரே மாறிக்குப் பல வரையறைகள் என்று நூற்றுக்கணக்கான பொதிகள் நின்றன. ஜிசிசி 11 சி++17ஐ இயல்பிருப்பாக்கியதால், செயற்கூறு (ஃபங்ஷன்) எந்தெந்த விதிவிலக்குகளை எறியும் என்று பட்டியலிடும் பழைய எழுத்துமுறை பிழையானது. ஜிசிசி 13இல் செந்தர நிரலகத்தின் தலைப்புக் கோப்புகள் ஒன்றையொன்று தேவையின்றி உள்ளிழுப்பது குறைந்தது. இன்னொரு கோப்பின் புண்ணியத்தில் ‘சிஎஸ்டிடிஇன்ட்’ தலைப்பைப் பெற்றுக்கொண்டிருந்த நிரல்கள் அகப்பட்டுக்கொண்டன.

2024 மே மாதம் வெளிவந்த ஜிசிசி 14தான் சி நிரல்களுக்குப் பெருஞ்சோதனை. அறிவிக்காத செயற்கூற்றை அழைப்பது, வகையைக் குறிப்பிடாமல் அறிவிப்பது, முழுவெண்ணையும் சுட்டியையும் (நினைவக முகவரியைத் தாங்கும் மதிப்பு) ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகக் கொடுப்பது, பொருந்தாத வகைச் சுட்டிகளை மாற்றி வைப்பது ஆகிய நான்கும் எச்சரிக்கை நிலையிலிருந்து பிழை நிலைக்கு உயர்ந்தன. 1999ஆம் ஆண்டின் சி செந்தரமே நீக்கிவிட்ட முதல் இரண்டு பழக்கங்களுக்கு அந்தக் கம்பைலர் இருபத்தைந்து ஆண்டுகள் பொறுமை காட்டியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு வந்த ஜிசிசி 15இல் சி23 இயல்பிருப்பானது: ‘பூல்’, ‘ட்ரூ’, ‘ஃபால்ஸ்’ ஆகியவை மொழியின் சொற்களாகிவிட்டதால், அவற்றைத் தாமே வரையறுத்த நிரல்கள் மோதின, அளபுருக்களை எழுதாமல் வெறும் அடைப்புக்குறியோடு அறிவித்த செயற்கூறு, இனி அளபுரு எதையுமே ஏற்காதது என்று பொருள்படத் தொடங்கியது.

4. என் பொதி புதிய கம்பைலரில் கட்டமையவில்லை என்று வழு அறிக்கை வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கட்டமைப்புப் பதிவின் கடைசி வரியிலிருந்து தொடங்க வேண்டாம். பல செயல்கள் இணையாக ஓடும்போது, உண்மையான பிழை பல நூறு வரிகளுக்கு மேலே புதைந்திருக்க, கடைசியில் தெரிவது கட்டமைப்பை நடத்தும் ‘மேக்’ கருவியின் புலம்பல் மட்டுமே. ‘எரர்’ என்ற சொல் முதன்முதலில் வரும் இடத்தைத் தேடுங்கள். பிறகு அந்தப் பிழை, ஜிசிசி திட்டம் ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் வெளியிடும் பெயர்ப்பு வழிகாட்டியில் உள்ள வகைகளில் ஒன்றா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும்.

அடுத்ததாக மூலத் திட்டத்தின் (நிரலை முதலில் எழுதி வெளியிடுவோரின்) களஞ்சியத்தைப் பாருங்கள். உங்களுக்கு முன்பே வேறொரு வழங்கல் அதே பிழையில் இடறித் திருத்தத்தை அங்கே அனுப்பியிருக்க வாய்ப்பு அதிகம். ஃபெடோரா பெரும்பாலும் முந்திக்கொள்ளும்: ஜிசிசி 14இன் முறையான வெளியீட்டுக்கு இரண்டு வாரங்கள் முன்பே, 2024 ஏப்ரலில், அதன் முன்வெளியீட்டைக் கொண்டே ஃபெடோரா 40 வந்துவிட்டது. அதற்காக அங்கே செய்யப்பட்ட திருத்தங்களால் மற்ற வழங்கல்கள் பல மாத உழைப்பை மிச்சப்படுத்தின. நீங்கள் புதிதாகத் திருத்தினால், அதையும் மூலத் திட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் பொதியிலேயே தங்கும் ஒட்டு (திருத்தத் துண்டு) ஒவ்வொரு புதிய பதிப்பிலும் உங்களிடமே வேலை வாங்கும்.

5. பழைய நடத்தையைத் திருப்பித் தரும் கொடி ஒன்றைச் சேர்த்தால் பொதி கட்டமைந்துவிடுகிறதே. அதில் என்ன தவறு?

(கொடி என்பது கம்பைலரை அழைக்கும்போது அதன் நடத்தையை மாற்றச் சேர்க்கும் குறிப்பு.) சில சமயம் தவறே இல்லை. ஆசிரியர் கைவிட்டுப் பத்தாண்டுகள் ஆன, மொழியின் பழைய செந்தரத்தில் எழுதப்பட்ட, ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அந்தச் செந்தரத்தைக் கொடியால் குறிப்பிடுவது நேர்மையான தீர்வு. அந்த நிரல் எந்த மொழியில் எழுதப்பட்டதோ அதைத்தான் நீங்கள் கம்பைலருக்குச் சொல்கிறீர்கள். அதுபோலவே, எச்சரிக்கைகளையெல்லாம் பிழையாக்கும் கொடியை மூலத் திட்டம் வெளியீட்டுத் தொகுதியிலும் விட்டுவைத்திருந்தால், வழங்கலில் அதை அகற்றிவிடுவதே முறை. புதிய கம்பைலர் எப்போதும் புதிய எச்சரிக்கைகளோடு வரும். அந்தக் கொடி மூலத் திட்டத்தாரின் கணினியில் இருக்க வேண்டியது.

ஆனால் ஜிசிசி 14இன் பிழைகளைக் கொடியால் அடக்குவது வேறு வகை. அறிவிக்காத செயற்கூறு முழுவெண் ஒன்றைத் தருவதாகக் கம்பைலர் எடுத்துக்கொள்ளும். அது உண்மையில் ஒரு சுட்டியைத் தந்தால், 64 இரும (பிட்) முகவரியில் பாதி வெட்டப்பட்டுவிடும். நிரல் சில நாள் ஓடும், சில நாள் விழும். கம்பைலர் அங்கே காட்டுவது பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த வழு. கொடியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், ஏன் சேர்த்தீர்கள், எப்போது நீக்கலாம் என்பதை அதே வரியின் மேல் எழுதுங்கள். காரணம் எழுதப்படாத கொடியை நீக்கும் துணிவு அடுத்துவரும் பராமரிப்பாளர் எவருக்கும் வருவதில்லை.

6. கம்பைலர் மாறினால் எல்லாப் பொதிகளையும் மறுபடி கட்டமைத்தே தீர வேண்டுமா?

ஏபிஐ மாறாத வரை கட்டாயமில்லை. (ஏபிஐ என்பது கட்டமைக்கப்பட்ட இரும நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறை; செயற்கூற்றை எந்தப் பெயரால் அழைப்பது, தரவு நினைவகத்தில் எப்படி அடுக்கப்படும் என்பவை அதில் அடங்கும்.) அது நிலையாக இருந்தால், பழைய கம்பைலரில் கட்டிய நிரலும் புதியதில் கட்டிய நிரலகமும் சேர்ந்தே இயங்கும்.

ஆகவே இது கொள்கை சார்ந்த முடிவு. ஃபெடோரா, புதிய ஜிசிசி வரும் சுற்றில் கிட்டத்தட்டத் தன் எல்லாப் பொதிகளையும் ஒரு தனித் தளத்தில் ஒட்டுமொத்தமாக மறுகட்டமைத்து, பிறகு முதன்மைக் களஞ்சியத்தில் சேர்க்கிறது. டெபியன், தேவையானவற்றை மட்டும் மறுகட்டமைத்து, மற்றவை அடுத்த பதிப்பேற்றத்தின்போது தாமாகவே புதிய கம்பைலருக்கு வரட்டும் என்று விடுகிறது. ஒட்டுமொத்தக் கட்டமைப்பை வெளியிடாத சோதனையாக மட்டும் ஓட்டி, தோல்விகளை வழுக்களாகப் பதிகிறது. முதல் முறையில் கணினி நேரம் மிகுதியாகச் செலவாகும். ஆனால் களஞ்சியத்தில் உள்ள ஒவ்வொன்றும் இன்றைய கம்பைலரில் கட்டமையும் என்ற உறுதி கிடைக்கும். இரண்டாவதில் அந்த உறுதிக்குச் சோதனை ஓட்டத்தின் தரமே பொறுப்பு. ஒரு பாதுகாப்புத் திருத்தத்தை அவசரமாக ஏற்றும் இரவில்தான், அந்தப் பொதி புதிய கம்பைலரில் கட்டமையாது என்று முதன்முறையாகத் தெரியவந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எந்தக் கொள்கையாக இருந்தாலும் சோதனை ஓட்டத்தைக் கைவிடலாகாது என்று நான் அடித்துச் சொல்வது அந்த இரவை மனத்தில் வைத்துத்தான்.

7. ஏபிஐ மாறினால் என்ன நடக்கும்? நிரலகப் பொதிகளின் பெயரில் ‘வி5’ என்று ஏன் ஒட்டிக்கொண்டது?

2015இல் ஜிசிசி 5 வந்தபோது நடந்தது இது. சி++11 செந்தரம், ஒரே எழுத்துச்சரத்தின் உள்ளடக்கத்தைப் பல பொருள்கள் பகிர்ந்துகொண்டு, மாற்றும்போது மட்டும் பிரதியெடுக்கும் உத்திக்கு இடம் தரவில்லை. பட்டியலின் நீளத்தை எப்போதும் நிலையான நேரத்தில் சொல்ல வேண்டும் என்றும் விதித்தது. ஆகவே ‘ஸ்டிரிங்’, ‘லிஸ்ட்’ என்ற இரு அடிப்படை வகைகளின் நினைவக அமைப்பே மாறியது. பழைய அமைப்பையும் புதியதையும் ஒரே செந்தர நிரலகம் வெவ்வேறு உட்பெயர்களில் வைத்துக்கொண்டதால், அந்த நிரலகத்தின் பதிப்பு எண் மாறவில்லை; ஏற்கெனவே கட்டிய நிரல்களும் தொடர்ந்து ஓடின. சிக்கல் அதற்கு ஓரடி அப்பால் இருந்தது. எழுத்துச்சரத்தை வாங்கும் செயற்கூறு உங்கள் நிரலகத்தில் இருந்தால், புதிய கம்பைலரில் கட்டியவுடன் அந்தச் செயற்கூற்றின் இருமப் பெயர் மாறிவிடும். அதைப் பழைய பெயரில் தேடும் மற்ற நிரல்கள் தொடங்கும்போதே நின்றுவிடும்.

உள்ளே மாறியது, வெளியே பெயர் மாறவில்லை என்ற இந்த நிலையில், பொருந்தாத இரண்டையும் பொதி மேலாளர் ஒருசேர நிறுவிவிடும். அதைத் தடுக்கவே டெபியன், பாதிக்கப்பட்ட நிரலகப் பொதிகளின் பெயரில் ‘வி5’ சேர்த்து, பழைய பெயர் கொண்டவற்றோடு ஒருங்கே நிறுவ இயலாதபடி செய்தது. இது புதிய உத்தி அன்று. ஜிசிசி 3.2இன் சி++ ஏபிஐ மாற்றத்தின்போது ‘சி102’ என்றும், 2005இல் ஜிசிசி 4.0க்கு நகர்ந்தபோது ‘சி2’ என்றும் இதே வகையில் வால்கள் ஒட்டப்பட்டன.

8. எந்தப் பொதி முதலில், எது பிறகு என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

சார்புகளே முடிவு செய்கின்றன. எதையும் சாராத நிரலகங்கள் முதல் அடுக்கு. அவற்றை மட்டுமே சார்ந்தவை இரண்டாம் அடுக்கு. இப்படியே மேலே செல்லும். ஓர் அடுக்கு முழுமையாகக் கட்டமைந்த பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். டெபியனின் வெளியீட்டுக் குழு இதற்கென மாற்றக் கண்காணிப்புப் பக்கங்களை வைத்திருக்கிறது. எந்தப் பொதி எந்த அடுக்கில் இருக்கிறது, எந்தச் செயலி வகையில் தேங்கி நிற்கிறது என்பது அங்கே தெரியும். மூலத்தில் மாற்றமில்லாமல் மறுகட்டமைப்பு மட்டும் போதுமானால், பராமரிப்பாளரை எதிர்பார்க்காமல் குழுவே அதைத் தூண்டும். பதிப்பு எண்ணின் இறுதியில் ‘+பி1’ வருவது அதன் அடையாளம்.

ஏட்டில் நேர்த்தியாக இருக்கும் இந்த அடுக்குகள் நடைமுறையில் சுழல்களாக வந்து நிற்கும். ஆவணம் தயாரிக்கும் கருவி ஒரு நிரலகத்தைச் சாரும். அந்த நிரலகமோ தன் ஆவணத்தைத் தயாரிக்க அதே கருவியைக் கேட்கும். அப்போது ஆவணமோ பரிசோதனையோ இல்லாமல் ஒருமுறை குறைத்துக் கட்டமைத்து, சுழலை அறுத்து, பிறகு முழுமையாக மீண்டும் கட்டமைக்க வேண்டும். கம்பைலரே இதன் மிகப் பழைய எடுத்துக்காட்டு: ஜிசிசி முதலில் பழைய கம்பைலரால் கட்டப்பட்டு, பிறகு தன்னைத்தானே இருமுறை கட்டிக்கொள்கிறது, இரண்டாம் கட்டத்திலும் மூன்றாம் கட்டத்திலும் விளைந்த கோப்புகள் ஒன்றாக இருந்தால்தான் மேலே செல்கிறது.

9. சி, சி++ தவிர மற்ற மொழிகளிலும் இதே கதைதானா?

சிலவற்றில் இதைவிடக் கடுமையாக இருக்கும். ஹாஸ்கெல், ஓகேமல் ஆகியவற்றில் நிலையான ஏபிஐ கிடையாது. கம்பைலர் பதிப்பு உயர்ந்தால் அம்மொழியின் எல்லா நிரலகங்களையும் அடுக்கு அடுக்காக மறுகட்டமைத்தே ஆக வேண்டும். ஏடா மொழி ஜிசிசியின் உள்ளேயே இருந்தாலும் அதன் நிரலகங்களுக்கும் ஒவ்வொரு பெரும் பதிப்பிலும் இதே நிலைதான். ஃபோர்ட்ரானில் இயங்குநேர நிரலகத்தின் எண் ஜிசிசி 7இலும் 8இலும் அடுத்தடுத்து மாறியது.

ரஸ்ட், கோ இரண்டிலும் நிரலகங்கள் பெரும்பாலும் இறுதி நிரலுக்குள்ளேயே கலந்துவிடுவதால் பொருந்தாமைச் சிக்கல் குறைவு. ஆனால் செந்தர நிரலகத்தில் பாதுகாப்புத் திருத்தம் வந்தால், அதைக் கொண்ட எல்லா நிரல்களையும் மறுகட்டமைத்தாக வேண்டும். ரஸ்டுக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு: ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் ஒவ்வொரு பதிப்பையும் அதற்கு முந்தைய பதிப்பால் கட்டுவதே வழக்கம் என்பதால், நடுவில் நாலைந்தைத் தாண்டி ஒரே பாய்ச்சலாகப் போக முடியாது, படிப்படியாகத்தான் ஏற வேண்டும்.

10. எல்லாப் பொதிகளும் கட்டமைந்துவிட்டன, பட்டியல் முழுவதும் பச்சை. இத்துடன் முடிந்ததல்லவா?

என்னை மிகவும் அஞ்ச வைப்பது இந்தப் பச்சைதான். தோற்ற பொதி தன் குறையைத் தானே சொல்லிவிடும். தோற்காமல் உருமாறிய பொதி வாய் திறப்பதில்லை. கட்டமைப்புக்கு முன் ஓடும் ‘கான்ஃபிகர்’ என்ற ஆய்வு நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வசதி இருக்கிறதா என்று அறிய அது சிறு சி நிரலை எழுதிக் கட்டமைத்துப் பார்க்கும்; கட்டமைந்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்று முடிவு செய்யும். ‘கான்ஃபிகர்’ நிரலை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப் கருவியின் பழைய பதிப்புகளும் பராமரிப்பாளர்கள் கையால் எழுதிய ஆய்வுகளும், தலைப்புக் கோப்பைச் சேர்க்காமலோ முதன்மைச் செயற்கூற்றுக்கு வகை தராமலோ அந்தச் சிறு நிரலை எழுதியிருக்கும். மூன்றாம் பதிலில் சொன்ன ஜிசிசி 14இன் விதிகளில் அந்தச் சிறு நிரல் தோற்கும்; வசதி இல்லை என்று ‘கான்ஃபிகர்’ எண்ணிக்கொள்ளும்; பொதி எந்தப் பிழையுமின்றி, ஒரு வசதி குறைந்து கட்டமையும். 2023 இறுதியில் வந்த ஆட்டோகான்ஃப் 2.72 இத்தகைய ஆய்வுகள் பலவற்றைச் சரிசெய்தது. ஆனால் மூலத் தொகுதியில் ஏற்கெனவே பதிந்து வந்த ‘கான்ஃபிகர்’ கோப்பைப் புதிதாக ஆக்காமல் பயன்படுத்தினால் அந்தத் திருத்தம் உங்களை வந்தடையாது.

ஆகவே பழைய கம்பைலரிலும் புதியதிலும் ஒருமுறை கட்டமைத்து, ‘கான்ஃபிகர்’ உருவாக்கிய தலைப்புக் கோப்புகள் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நிரலகமாக இருந்தால் அது வெளியே காட்டும் குறியீட்டுப் பெயர்களையும் ஒப்பிடுங்கள். சி++ வார்ப்புருக்களிலிருந்து பிறக்கும் சில பெயர்கள் நிரலை வேகப்படுத்தக் கம்பைலர் செய்யும் உகப்பாக்கத்தைப் பொறுத்து வரும், போகும்; அவை காணாமற்போனால் பெரும்பாலும் கவலை இல்லை. நீங்கள் அறிந்தே வெளியிட்ட பெயர் ஒன்று காணாமற்போனால் அங்கேயே நின்று காரணத்தைத் தேடுங்கள்.

11. பழைய கம்பைலரில் சரியாக ஓடிய நிரல் புதியதில் விழுகிறது. இது கம்பைலரின் வழு என்று புகார் அளிக்கலாமா?

அளிக்கலாம், ஆனால் முதலில் உங்கள் நிரலையே ஐயுறுங்கள். மொழியின் விதி வரையறுக்காத நடத்தையை நம்பி எழுதிய நிரல், கம்பைலர் கெட்டிக்காரத்தனம் காட்டாத வரை பிழைத்திருக்கும். 2016இன் ஜிசிசி 6, சி++ உறுப்புச் செயற்கூற்றில் ‘திஸ்’ சுட்டி ஒருபோதும் வெறுமையாக இராது என்று மொழி விதிப்படி எடுத்துக்கொண்டு, அதைச் சோதிக்கும் வரிகளை நீக்கத் தொடங்கியது. வெறுமைச் சுட்டியின் வழியே அழைத்துவிட்டு உள்ளே சோதித்துக்கொண்டிருந்த நிரல்கள் உடைந்தன. கியூடி 5, குரோமியம் போன்ற பெருந்திட்டங்களும் அதற்குத் தப்பவில்லை. உகப்பாக்க அளவைக் குறைத்தால் சரியாகிவிடுகிறது என்பது கம்பைலரின் மேல் குற்றத்தை நிறுவுவதில்லை. முகவரி, வரையறுக்காத நடத்தை ஆகியவற்றைக் கண்காணிக்கும் சானிடைசர் கொடிகளோடு கட்டமைத்து ஓட்டிப் பாருங்கள்.

கட்டமைக்கும்போது கம்பைலரே உள்பிழை என்று சொல்லி நின்றால், அது ஐயமின்றிக் கம்பைலரின் வழு. முன்செயலாக்கம் முடிந்த (தலைப்புக் கோப்புகள் உள்ளே விரிந்த) கோப்பை எடுத்து, சி-வைஸ் போன்ற குறைப்புக் கருவியால் சில பத்து வரிகளாகச் சுருக்கி அனுப்பினால் விரைவில் கவனிக்கப்படும். அது திருந்தும் வரை அந்த ஒரு பொதியை மட்டும் பழைய கம்பைலரால் கட்டலாம். இரண்டாம் பதிலில் சொன்ன அருகருகே இருக்கும் வசதி இதற்காகத்தான். ஐந்தாம் பதிலில் கொடிக்குச் சொன்ன நிபந்தனை இதற்கும் பொருந்தும்.

12. பரிசோதனைகள் ஒரே ஒரு செயலி வகையில் மட்டும் தோற்கின்றன. அதைப் புறக்கணித்துவிடலாமா?

எண்களைப் பாருங்கள். விடையின் கடைசி இலக்கங்கள் மட்டும் வேறுபட்டால் மிதவைப்புள்ளிக் கணக்கே காரணமாக இருக்கும். 64 இரும ஆர்ம் செயலியில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாகச் செய்யும் வசதி அடிப்படையிலேயே உண்டு. கம்பைலர் அதைப் பயன்படுத்தினால் இடையில் நடக்கும் ஒரு முழுமைப்படுத்தல் குறையும். ஜிசிசி 12 முதல் வழக்கமான இரண்டாம் நிலை உகப்பாக்கத்திலேயே திசையன்மயமாக்கம் (பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடுவது) இயங்குவதும் தரவு சீரமைவு குறித்த பழைய தவறுகளை வெளிக்கொணரும். விடை இம்மி பிசகாமல் இருக்க வேண்டும் என்று கேட்கும் பரிசோதனைக்குப் பிழை வரம்பு ஒன்றைத் தருவதே முறையான திருத்தம். வேறுபாடு கடைசி இலக்கத்தைத் தாண்டினால் புறக்கணிக்க வேண்டாம். 32 இரும வகைகளில் மட்டும் கம்பைலர் பாதியில் மடிந்தால், நினைவகப் போதாமையா என்று முதலில் பாருங்கள்.

13. பராமரிப்பாளர் பதிலே தருவதில்லை. எத்தனை நாள் காத்திருப்பது?

ஒவ்வொரு வழங்கலுக்கும் விதி உண்டு. டெபியனில், சோதனை ஓட்டத்தின்போது பதியும் வழு முதலில் தாழ்ந்த தீவிரத்தில் இருக்கும். இயல்பிருப்பு மாறும் வேளையில் வெளியீட்டைத் தடுக்கும் தீவிரத்துக்கு உயர்த்தப்படும். அதன் பிறகு வேறொருவர், பராமரிப்பாளர் தலையிடச் சில நாள் அவகாசம் வைத்து, திருத்திய பொதியை ஏற்றலாம். எவரும் ஏற்றாவிட்டால், அடுத்த வெளியீடாக உருவாகிவரும் ‘டெஸ்டிங்’ கிளையிலிருந்து பொதி தானாகவே நீக்கப்படும். நீக்கம் கடுமையாகத் தோன்றும். ஆனால் யாரும் திருத்த முன்வராத பொதி, யாரும் பாதுகாப்புத் திருத்தம் செய்யாத பொதியாகவும் இருக்கும். நீக்குவதற்கு முன் அதைச் சார்ந்தவை எவை என்று பார்த்து, அவற்றின் பராமரிப்பாளர்களுக்குச் சொல்லிவிடுங்கள்; பலமுறை அவர்களில் ஒருவரே திருத்தத்தோடு வந்து நிற்பார்.

14. புதிய கம்பைலர் வெளிவந்துவிட்டதே, அடுத்த வெளியீட்டிலேயே சேர்த்தால் என்ன?

நாட்காட்டிதான் தடை. டெபியன் 13, ‘ட்ரிக்ஸி’, 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. ஜிசிசி 15 அதே ஆண்டு ஏப்ரல் இறுதியிலேயே வந்துவிட்டது. ஆயினும் கருவித்தொடருக்கான (கம்பைலர் முதலியவற்றுக்கான) உறைநிலை, அதாவது பெரிய மாற்றங்களை ஏற்காத காலம், மார்ச் நடுவிலேயே தொடங்கிவிட்டதால், ட்ரிக்ஸி ஜிசிசி 14உடன் வந்தது. முதல் பதிலில் சொன்ன மாதங்களை எண்ணிப் பார்த்தால் அது சரியான முடிவு என்பது விளங்கும்.

15. இன்னொரு பெரிய மாற்றமும் காத்திருக்கிறது. எப்படியும் எல்லாவற்றையும் மறுகட்டமைக்கிறோம். இரண்டையும் சேர்த்தே முடித்துவிடலாமா?

கணினி நேரம் மிச்சமாகும். மனிதர்களின் நேரம் இரட்டிப்பாகும். ஒரு பொதி உடைந்தால் எந்த மாற்றத்தால் உடைந்தது என்பதை ஒவ்வொரு முறையும் பிரித்தறிய வேண்டியிருக்கும். ஒரு மாற்றம் தேங்கினால் மற்றொன்றும் அதோடு தேங்கும். ஒன்று முழுமையாக ‘டெஸ்டிங்’ கிளைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மற்றதைத் தொடங்குவதே என் பரிந்துரை.

ஒன்று மற்றொன்றுக்கு வழி அமைக்கும் இடங்களும் உண்டு. 32 இரும எண்ணில் வைக்கும் நேரக் கணக்கு நிரம்பி வழியும் 2038ஆம் ஆண்டுச் சிக்கலுக்காக 2024இல் டெபியன், ஐ386 நீங்கலான தன் 32 இருமச் செயலி வகைகளில் நேரத்தைக் குறிக்கும் எண்ணை 64 இருமமாக்கியபோது, பாதிக்கப்பட்ட நிரலகங்களின் பெயரில் ‘டி64’ சேர்ந்தது. ஏழாம் பதிலில் கண்ட அதே உத்தி. அப்போது, தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் அழைத்த செயற்கூறு பழைய 32 இரும வடிவத்துக்கே சத்தமின்றிப் போய்விடும் என்பதால், அறிவிக்காத அழைப்புகளைப் பிழையாக்கும் கொடி முன்கூட்டியே போடப்பட்டது. அந்தக் காரணத்துக்காகத் திருந்திய பொதிகள், சில மாதங்கள் கழித்து ஜிசிசி 14 வந்தபோது அந்த வகைப் பிழையில் மறுபடி இடறவில்லை.

16. மாற்றிய பிறகு பெரிய சிக்கல் தெரியவந்தால் பழைய இயல்பிருப்புக்குத் திரும்பிவிட முடியுமா?

இயல்பிருப்பைச் சுட்டும் சிறு பொதியைப் பின்னுக்குத் தள்ளுவது எளிது. அதற்குள் புதிய கம்பைலரில் கட்டமைந்துவிட்ட பொதிகள்தாம் தொல்லை. சி++ செந்தர நிரலகம் ஒவ்வொரு பதிப்பிலும் புதிய குறியீட்டுப் பதிப்பு எண்களைச் சேர்க்கிறது. புதிய எண்ணைக் கோரும் நிரல் பழைய நிரலகத்தோடு தொடங்கவே தொடங்காது. ஆகவே கம்பைலரைப் பின்னுக்குத் தள்ளலாம், இயங்குநேர நிரலகத்தைத் தள்ள முடியாது. அது புதிய பதிப்பிலேயே நிற்கட்டும். ஏபிஐ மாறிப் பெயர்கள் மாறிய சுற்றாக இருந்தால், ஓர் அடுக்கு முடிந்த பிறகு முன்னே செல்வதுதான் குறைந்த வலி.

லிங்கர் நிலை உகப்பாக்கம் செய்யும் வழங்கல்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்; ஓப்பன்சூசே டம்பிள்வீட் 2019 முதலும், ஃபெடோரா 33ஆம் பதிப்பு முதலும் அவ்வாறு செய்கின்றன. நிலைநிரலகக் கோப்புகளுக்குள் (இறுதி நிரலுக்குள்ளேயே கலந்துவிடும் நிரலகங்கள்) கம்பைலரின் இடைநிலை வடிவம் தங்கிவிட்டால், வேறு பெரும் பதிப்புக் கம்பைலரால் அதைப் படிக்க இயலாது. பொதியாக்கும் முன் அந்தப் பகுதியை நீக்கி, இயந்திர நிரலை மட்டும் விட்டுவைத்திருக்கிறோமா என்று இயல்பிருப்பை மாற்றுவதற்கு முன்பே சரிபாருங்கள். பின்வாங்க நேரும் நாளில் அதற்கு நேரம் இருக்காது.